இன்றைக்குத் தவில் யாரு? ஜாஸ் கேட்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

கும்பகோணம், மாயவரம் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் நாகஸ்வரக் கச்சேரி என்று சொல்லிப் பாருங்கள். வாசிக்கிறவர் பெயரைக் கேட்டதும் பெரியவர்கள் அடுத்துக் கேட்பது, "தவில் யாரு?" பதிலைப் பொறுத்துத்தான் சாப்பிட்டுவிட்டுப் போவதா, சாப்பிடாமலே கிளம்புவதா என்று முடிவாகும். ஜாஸ் கேட்க வேண்டிய பழக்கமும் இதுதான். ஆல்பத்தின் பெயரைவிட, அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிறவரைவிட, கூட வாசித்தவர்கள் யார் என்று கேட்கத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் தானாக வரும்.

எனக்கு இது புரியப் பல வருடம் ஆனது. சென்னையில் வேலை பார்க்கும் நண்பன் ஒரு பென்டிரைவ் நிறைய ஜாஸ் போட்டுக் கொடுத்தான். கண்ணில் பட்ட முதல் பெயரைத் தட்டினேன். ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்'. பதினோரு பேர், ஏறக்குறைய 40 நிமிடம், பெரும்பகுதி எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்குகிறார்கள். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?" என்றாள். இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அசென்ஷன் மோசமான ஆல்பம் அல்ல. நுழைவாசல் அல்ல, அவ்வளவுதான். நீங்கள் அந்த இரண்டு வருடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காதுக்கு ஏற்பாடு

செல்போன் ஸ்பீக்கரில் ஜாஸ் கேட்காதீர்கள். இது பந்தாவுக்காகச் சொல்வதில்லை. ஜாஸில் பாதி வேலையைச் செய்வது பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம். நின்றுகொண்டு விரலால் மீட்டுவார்கள். செல்போன் ஸ்பீக்கரில் அந்த ஒலி ஏறக்குறைய வரவே வராது. தவில் இல்லாத நாகஸ்வரம் மாதிரி ஆகிவிடும். சாதாரண ஹெட்போன் போதும்.

நேரமும் முக்கியம். ஆடி மாதமும் மார்கழி விடியற்காலையும் வேண்டாம். கோயில் ஒலிபெருக்கியோடு போட்டி போட யாராலும் முடியாது. இரவு ஒன்பதரைக்கு மேல் மொட்டை மாடி சரியான இடம்.

முதல் ஆல்பம்: கைண்ட் ஆஃப் ப்ளூ

உலகமே இதைத்தான் முதலில் சொல்கிறது. வேறு ஏதாவது சொல்லிப் புதுமை காட்டலாம் என்று நானும் பார்த்தேன், முடியவில்லை. டிரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவு செய்தது. ஐந்து டிராக், முக்கால் மணி நேரம். வாசித்தவர்கள் பட்டியலை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது: டெனர் சாக்ஸஃபோன் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸஃபோன் கேனன்பால் ஆடர்லி, பியானோ பில் எவன்ஸ் (இரண்டாவது டிராக்கில் மட்டும் விண்டன் கெல்லி), பேஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப்.

முதல் டிராக் 'சோ வாட்'. இதை மட்டும் மூன்று முறை கேளுங்கள், மூன்று விதமாக.

முதல் முறை சும்மா கேளுங்கள். ஆரம்பத்தில் பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் மெதுவாகத் தடவித் தடவிப் போவார்கள். பிறகு பேஸ் ஒரு வரி கேட்கும், மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்வார்கள். பாட்டு என்று பார்த்தால் அவ்வளவுதான். பல்லவி ஒரு வரி, மீதியெல்லாம் விஸ்தாரம். இது நமக்குப் பழக்கமான விஷயம்.

இரண்டாவது முறை சுருதிப்பெட்டி ஆப்பை எடுத்து இரண்டு கட்டையில் வையுங்கள். சரியாகப் பொருந்தும். ஸ்வரங்களைக் கவனித்தால் கரகரப்பிரியாவின் ஏழும் அப்படியே நிற்கும். அவர்கள் இதை டோரியன் என்பார்கள். ஆனால் கரகரப்பிரியா கேட்கப் போகிறோம் என்று உட்காராதீர்கள். நம் கமகம் கிடையாது, ராகத்தின் நடை கிடையாது. ஏணி ஒன்றுதான், ஏறுகிற விதம் வேறு. ஒரு வேடிக்கை: முதல் மூன்று டிராக் பதிவான நாளில் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் பழைய இசைத்தட்டுகளில் அவை கொஞ்சம் சுருதி ஏறிக் கேட்கும். 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். உங்கள் சுருதிப்பெட்டியோடு உரசினால் பெட்டியைத் திட்டாதீர்கள்.

மூன்றாவது முறை தாளம் போடுங்கள். இதுதான் முக்கியம். ஒன்றரை நிமிடத்தில் ஜிம்மி காப் ஜால்ராத் தட்டு ஒன்றை ஓங்கி அடிப்பார், அந்த ரீங்காரம் அடங்குவதற்குள் மைல்ஸ் தொடங்கிவிடுவார். அங்கிருந்து ஆதி தாளம் எண்ணுங்கள், எட்டு எண்ணினால் ஓர் ஆவர்த்தனம். எட்டு ஆவர்த்தனம் இரண்டு கட்டையிலேயே போகும். அடுத்த நான்கு ஆவர்த்தனம் மொத்தக் கோஷ்டியும் அரைக் கட்டை ஏறி இரண்டரைக்குப் போய்விடும். கடைசி நான்கு மறுபடி இரண்டு. ஆகப் பதினாறு ஆவர்த்தனம் ஒரு சுற்று. மைல்ஸ் இரண்டு சுற்று, கோல்ட்ரேன் இரண்டு, ஆடர்லி இரண்டு, எவன்ஸ் ஒன்று. அந்த அரைக் கட்டை ஏற்றத்தை ஒரு முறை காது பிடித்துவிட்டால், அடுத்த சுற்றில் அது வருவதற்காகக் காத்திருக்கத் தொடங்குவீர்கள். காத்திருக்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் ஜாஸ் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

மைல்ஸ் பேச்சைக் குறைத்துக்கொண்ட பெரியவர் மாதிரி வாசிப்பார், இடைவெளிதான் அதிகம். அடுத்து வரும் கோல்ட்ரேன் அடைமழை. ஆடர்லி சிரித்த முகம். அந்தக் குணவேறுபாடுதான் ஆல்பத்தின் ருசி.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஆல்பம் வெளியானது 1959 ஆகஸ்ட் 17. எட்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, தான் வாசித்துக்கொண்டிருந்த நியூயார்க் அரங்கின் வாசலில் காற்று வாங்க நின்ற மைல்ஸை ஒரு போலீஸ்காரர் நகரச் சொன்னார். அவர் நகரவில்லை. தலையில் அடித்து ரத்தம் வடிய ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கறுப்பர் என்பதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை. மேடையேறி உட்கார்ந்து வாசிக்கும் மரியாதைக்கே நாகஸ்வரக்காரர்கள் போராட வேண்டியிருந்த மண்ணிலிருந்து கேட்கிற நமக்கு, இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது: டைம் அவுட்

இதுவும் 1959தான். டேவ் ப்ரூபெக் பியானோ, பால் டெஸ்மண்ட் ஆல்டோ சாக்ஸஃபோன், யூஜின் ரைட் பேஸ், ஜோ மொரெல்லோ டிரம்ஸ். தாளக்காரர்களுக்கென்றே செய்த ஆல்பம். 'டேக் ஃபைவ்' ஐந்தெண்ணிக்கை. கண்ட சாபு என்று கை தட்டப் போனால் கொஞ்சம் இடறும். நாம் தக தகிட என்று இரண்டும் மூன்றுமாகப் போடுவதை அவர்கள் தகிட தக என்று மூன்றும் இரண்டுமாகப் போடுகிறார்கள். 'ப்ளூ ராண்டோ' ஒன்பது: தக தக தக தகிட. 1958 பயணத்தில் இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் ப்ரூபெக் கேட்ட கணக்கு அது. அதே பயணத்தில் அவர் இந்தியாவுக்கும் வந்தார்.

'டேக் ஃபைவ்' எழுதியவர் ப்ரூபெக் இல்லை, டெஸ்மண்ட். 1977இல் இறந்தபோது அதன் வருமானத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பெயரைப் பிடித்துக்கொண்டு நடப்பது

இப்போது எழுதி வைத்த பட்டியலை எடுங்கள். அதில் உங்களுக்கு யாரைப் பிடித்தது? அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று தேடுங்கள். யூடியூபிலோ ஸ்பாட்டிஃபையிலோ இருக்கும் விவரம் பல நேரம் அரைகுறை. விக்கிப்பீடியாவில் ஆல்பத்தின் பெயரைப் போட்டால் யார் எந்த வாத்தியம், எந்தத் தேதி என்று பெரும்பாலும் முழுதாகக் கிடைக்கும்.

நான் நடந்த ஒரு வழி இது. கேனன்பால் ஆடர்லியைப் பிடித்துப்போனதால் அவருடைய 'சம்திங் எல்ஸ்', 1958. அங்கே மைல்ஸ் பக்கவாத்தியம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பெரிய வித்வான் இன்னொருவர் கச்சேரியில் இரண்டாம் நாயனம் வாசித்தது போல. டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. சரி, பிளேக்கி யார் என்று போனால் 'மோனின்'. தேவாலயத்தில் பாதிரியார் ஒரு வரி சொல்ல, கூட்டம் ஆமென் என்று பதில் சொல்வது போல பியானோ கேட்க மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். பஜனை மடத்தில் உட்கார்ந்தவருக்கு இது முதல் நிமிடத்திலேயே பிடிபடும். அதில் டிரம்பெட் ஊதும் பையன் லீ மார்கன். அவனைத் தேடினால் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்'. 1957 செப்டம்பரில் பதிவானபோது லீ மார்கனுக்கு 19 வயது. அங்கே பேஸ் யார் என்று பார்த்தால் நம் பால் சேம்பர்ஸ். சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம். நான்கு வீதியும் சுற்றிய தேர் நிலைக்கு வந்தது மாதிரி.

ப்ளூ ட்ரெய்ன் பதிவான இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரூடி வான் கெல்டர் என்பவருக்குப் பிழைப்பு கண் பரிசோதனை. அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் மைக் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்து மகத்தான ஆல்பங்களில் பல அந்தக் கூடத்தில் பிறந்தவை.

பில் எவன்ஸ் வழியாகப் போனால் வேறு உலகம். 'வால்ட்ஸ் ஃபார் டெபி', 1961 ஜூன் 25, நியூயார்க்கில் ஒரு நிலவறை கிளப்பில் நேரடிப் பதிவு. பின்னணியில் கண்ணாடிக் குவளை மோதுகிற சத்தமும் பேச்சும் சன்னமாகக் கேட்கும். பேஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ துணைக்கு வாசிக்கவில்லை, எவன்ஸோடு சரிக்குச் சரி பேசுகிறார். பதினோரு நாள் கழித்து கார் விபத்தில் இறந்துபோனார், 25 வயது. அது தெரிந்த பிறகு அந்தக் குவளைச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது.

கோல்ட்ரேன் வழி கொஞ்சம் செங்குத்து. 'எ லவ் சுப்ரீம்', 1964 டிசம்பர் 9, ஒரே நாள் பதிவு, 33 நிமிடம், நான்கு பகுதி. கடைசிப் பகுதியில் அவர் தாம் எழுதிய பிரார்த்தனைக் கவிதையை சாக்ஸஃபோனில் வாசிக்கிறார், அசைக்கு அசை. கவிதை அட்டையின் உட்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். தாளமில்லாமல் விருத்தம் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைக் கேட்ட பிறகு, மனமிருந்தால், அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. பெயரில் இருக்கிற சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். தம்பூரா உண்டு.

நம் பக்கத்துப் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றிலிருந்து தொடங்காதீர்கள் என்பது என் கட்சி. முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு சம்பந்தம் பேசலாம். போன பிறகு, கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து செய்த 'கின்ஸ்மென்' (2008) கேளுங்கள். இரண்டு ஆல்டோ சாக்ஸஃபோன், ஒன்று நம் கையில் வளர்ந்தது, மற்றது அவர்கள் கையில். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக்காரர் விஜய் ஐயரின் 'ஹிஸ்டாரிசிட்டி' (2009) கேளுங்கள். அதில் டிரம்ஸ் மார்க்கஸ் கில்மோர், பெரிய டிரம்ஸ் வித்வான் ராய் ஹேன்ஸின் பேரன். பரம்பரை விசாரிக்கிற நம் பழக்கம் இங்கேயும் உதவுகிறது.

தவிர்க்க வேண்டியவை

'படிப்பதற்கு ஜாஸ்', 'மழைக்கு ஜாஸ்' என்று மூன்று மணி நேரம் ஓடும் தொகுப்புகள். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதில் யார் வாசிக்கிறார் என்று பெரும்பாலும் போட்டிருக்காது. பெயர் இல்லாத இடத்தில் அடுத்த பெயருக்கு வழியும் இல்லை.

இன்னொன்று, பழைய ஆல்பங்களின் புது வெளியீடுகளில் கடைசியில் அதே பாட்டின் வேறு பதிவுகளை ஒட்டியிருப்பார்கள். முதல் முறை அசல் ஆல்பம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். விருந்து முடிந்து இலையை மடித்த பிறகு மறுபடி சாம்பார் ஊற்றுவது போல இருக்கும்.

அடுத்தவருக்குக் கொடுப்பது

ஜாஸ் பிடித்துப்போனவர்கள் செய்யும் முதல் தவறு, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இருபது லிங்க் போடுவது. சித்தப்பா கட்டைவிரல் காட்டுவார், யாரும் கேட்கமாட்டார்கள். ஒருவருக்கு ஒரு டிராக். அதோடு இரண்டு வரி: யாரைக் கவனிக்க வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில். 'ரொம்ப நல்லா இருக்கும், கேளுங்க' என்பது தகவலே இல்லை.

ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும். குரல் இல்லாமல் பாட்டே இல்லை என்பவர்களுக்கு, எல்லா என்ற பெயருடைய பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பாடிய 'எல்லா அண்ட் லூயி' (1956). இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்கிற ஆளுக்கு மேலே சொன்ன பில் எவன்ஸ் ஆல்பம். ஊர்வலமும் பேண்டும் பிடிக்கும் என்றால் ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் பதிவுகள், குறிப்பாக 1928இன் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. தொடக்கத்தில் அவர் டிரம்பெட் தனியாக முழங்குவது கோபுர வாசலில் மல்லாரி எடுத்தது மாதிரி. அவர் பிறந்த நியூ ஆர்லியன்ஸும் ஆறு கடலில் சேரப்போகும் பக்கத்து ஊர்தான். அங்கே சவ ஊர்வலத்துக்கு பேண்ட் உண்டு. போகும்போது மெதுவாக, திரும்பும்போது துள்ளலாக. நம் ஊரில் சாவுக்கு ஒரு மேளம், கல்யாணத்துக்கு வேறு மேளம், வேறு ஆட்கள். அங்கே ஒரே பேண்ட்.

கூடி உட்கார்ந்து கேட்பதானால் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆல்பத்தின் ஒரு பக்கம் மட்டும், இருபது நிமிடம். அது முடியும்வரை பேச்சு இல்லை. முடிந்த பிறகு டீ. சம்பா அறுப்பு நேரத்தில் கூட்டம் வராது, வற்புறுத்தாதீர்கள். இன்னொரு விதி வைத்திருக்கிறோம்: ஜாஸ் கேட்டவர் பதிலுக்குத் தன்னிடம் இருப்பதில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். எதுவாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அது பிரசங்கம்.

எங்கள் தெருவில் ஒரு தவில் வித்வான் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவருக்கு 'டேக் ஃபைவ்' போட்டேன். நடுவில் ஜோ மொரெல்லோவின் தனி வரும். ப்ரூபெக்கின் பியானோ அந்த ஐந்தெண்ணிக்கையையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, டிரம்ஸ் அதன்மேல் இடம் விட்டு விட்டு அடித்து விளையாடும். கண்ணை மூடித் தொடையில் போட்டுக்கொண்டே கேட்டார். மொரெல்லோவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கண்டம்தான் தம்பி, திருப்பிப் போட்டு எண்ணுறாங்க. அது கெடக்கட்டும், அந்தப் பொட்டிக்காரரு அசையவே இல்ல பாரு. அவருதான் கெட்டிக்காரரு."

அவ்வளவு வருடம் அந்தப் பாட்டைக் கேட்டும் நான் டிரம்ஸைத்தான் கவனித்திருந்தேன். அன்று இரவு பியானோவை மட்டும் கேட்டேன். பதிலுக்கு அவர் கொடுத்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தேய்ந்த கேசட்டில். தவில் சத்தம் பாதி கரகரப்பு. யார் தவில் என்பதில் தொடங்கி ஒரு மணி நேரம் பேசினார்.

போன மாதம் அவருக்குச் சொல்ல ஒரு சேதி வைத்திருந்தேன். சார்லஸ் மிங்கஸ் என்ற பேஸ் வித்வானின் 1963 ஆல்பம் ஒன்றில், 'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி', ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்தவர் சார்லி மரியானோ. பாஸ்டனில் பிறந்தவர். அவர் பின்னாளில் நாகஸ்வரம் கற்றுக்கொண்டு இசைத்தட்டுகளிலும் வாசித்திருக்கிறார். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்து 1983இல் 'ஜோதி' என்று ஓர் ஆல்பமும் செய்தார். ஒரு வெள்ளைக்காரர் நம் நாயனத்தையும் அதன் நுனியில் செருகி ஊதும் சீவாளியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார் என்றால் அசந்துபோவார் என்று நினைத்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார், வாயில் போட்டுக்கொண்டார், கொஞ்ச நேரம் மென்றார்.

"சரி தம்பி. சீவாளி யாரு கட்டிக் குடுத்தா?"